கறுப்புத் திரையில் ஒரு சண்டை

பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த இணைய விளையாட்டைத் திறந்தேன். படமே கிடையாது; கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டும். பார்த்ததுமே திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரின் மின்விசிறி இரைச்சலும், பக்கத்துக் கடையிலிருந்து வரும் ஈரப் பூவாசனையும் திரும்பிவிட்டன.

அப்போது பிளஸ் டூ படித்தேன். அந்த உலகத்தில் நான் வாளேந்திய வீராங்கனை. எழுத்தில் கட்டளை தட்டித்தான் நடக்கவேண்டும், வெட்டவேண்டும். ஒரு மாலை, பள்ளிப்பட்டு பஸ்ஸில் கண்டக்டராக இருந்த என் அப்பா, நைனா, உள்ளே வந்து நின்றார்.

"ஆம்பளைங்க குந்திகினு கீற எடத்துல உனக்கு இன்னா வேல?"

"சண்ட போட்டுகினு கீறேன் நைனா. முடிச்சிட்டு வரேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. எதிரி விழும்வரை கட்டளைகளைத் தட்டினேன். நைனா அடிக்கவில்லை. ஆனால் அதற்குப்பின் அந்தப் பக்கமே அனுப்பவில்லை. பரீட்சை, கல்லூரி, கல்யாணம் என்று நானும் விட்டுவிட்டேன்.

இப்போது பார்த்தால், என் பழைய கணக்கை எப்போதோ நீக்கியிருந்தார்கள். புதிதாகத் தொடங்கச் சொன்னது திரை.

"இத்தன வருசம் கழிச்சு மொதல்லேர்ந்தா? விட்டுடு," என்றார் எட்டிப்பார்த்த கணவர்.

"ஒரு தபா விட்டதே போதுங்க," என்று சொல்லிவிட்டு முதல் கட்டளையைத் தட்டினேன்.