கணக்குப் பரீட்சையன்று வந்த ஆறு

எங்கள் ஆம்பூரில் காற்று நாறவில்லை என்றால்தான் பயப்பட வேண்டும். டேனரிகளில் ஊறும் தோலின் நெடிதான் ஊருக்கே விலாசம். நான் ஏழாவது படித்த வருஷம், ஐந்து நாள் விடாமல் கொட்டிய மழை அந்த நெடியைக் கழுவித் துடைத்துவிட்டது. அரையாண்டுக் கணக்குப் பரீட்சையன்று காலையில் வெறும் ஈரமண் வாசனைதான். எனக்கோ சந்தோஷம், முந்தின ஞாயிறு சர்ச்சில், "ஆண்டவரே, கணக்குப் பரீட்சை நிற்கிற அளவுக்கு மட்டும் மழை தாரும்" என்று அளவோடுதான் கேட்டிருந்தேன்.

வீடு இக்கரை, பள்ளிக்கூடம் அக்கரை. நடுவே பாலாறு, அதாவது மணல். எங்களுக்கு அது கிரிக்கெட் மைதானம், பள்ளிக்கூடத்துக்குக் குறுக்கு வழி. அத்தனை மழைக்கும் அங்கங்கே குட்டை கட்டியதோடு சரி. நானும் என் "தோஸ்த்" சலீமும் பாதி ஆற்றைத் தாண்டியபோதுதான் என் ஜியாமெட்ரி பாக்ஸை வீட்டிலேயே விட்டுவந்தது எனக்கு நினைவுக்கு வந்தது.

"தலை கழுத்தோட ஒட்டிக்கினு இருக்கு, இல்லாங்காட்டி அதையும் வுட்டுட்டு வந்திருப்ப. நீ போ, நான் ஓடிப்போய் எடுத்துக்கினு வர்றேன்" என்று திரும்பி ஓடினான்.

நான் கரையேறிச் சற்று நேரத்துக்கெல்லாம் யாரோ "தண்ணி வருது!" என்று கத்தினார்கள். பள்ளிக்கூட வாட்ச்மேன் சிரித்தார்: "பாலாத்துல இன்னாடா தண்ணி? காலங்காத்தால பேஜார் பண்ணாத." சிரித்த வாய் மூடுவதற்குள், சரக்கு ரயில் போன்ற இரைச்சலோடு, முள்மரங்களையும் ஒரு கூரையையும் உருட்டிக்கொண்டு செந்நிறத்தில் அது வந்துவிட்டது. சலீமும் நானும் நின்று பேசிய இடத்தில் மணல் இல்லை. அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பரீட்சை ரத்து. என் வாழ்வில் முழுசாகப் பலித்த ஒரே ஜெபம் அதுதான். வகுப்பறையில் உட்கார்ந்து, "ஆண்டவரே, பரீட்சையை வையும், முட்டை மார்க் வாங்குகிறேன், அவனை மட்டும் விட்டுவிடும்" என்று நாளெல்லாம் மன்றாடினேன். சாயங்காலம் அப்பா தொலைவிலிருந்த பாலம் வழியாகச் சுற்றிவந்து என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். சலீமைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் வருமோ என்று, வழி நெடுக முகத்தை அவர் முதுகில் புதைத்துக்கொண்டேன்.

வீட்டில், மடியில் என் பாக்ஸோடு, சலீம்.

"பரீட்சைக்குப் போற புள்ள வெறும் வயித்தோடயா ஓடுறதுன்னு ரெண்டு இட்லி வெச்சேன்" என்றாள் அம்மா. அவன் நாலாகக் கேட்டு வாங்கித் தின்றிருக்கிறான். அந்த இரண்டு உபரி இட்லிக்குள்தான் ஆறு வந்திருக்கிறது.

ஆனால் ஆற்றோரம் இருந்த அவன் வீடும், அதிலிருந்த புத்தகங்களும் போய்விட்டன. வெள்ளத்தில் வீடிழந்தவர்கள் தங்கியதால் பள்ளிக்கூடம் ஒரு மாதம் திறக்கவில்லை. அதற்குள் சலீம் குடும்பத்தோடு வாணியம்பாடி மாமா வீட்டுக்குப் போய், ஷூ கம்பெனியில் பசை தடவச் சேர்ந்துவிட்டான். பிறகு நடந்த பரீட்சையில், அவன் மடியில் காத்துவைத்த பாக்ஸால் கோணம் வரைந்து நான் பாஸ்.

இப்போது வீட்டருகிலேயே பாலம் இருக்கிறது. பாலாறு மறுபடி மணலாகிவிட்டது. 'மழை விடுமுறை' என்று செல்போனில் செய்தி வந்ததும் என் மகள் குதிக்கிறாள். நான் குடையோடு ஆற்றைப் பார்க்கப் போய்விடுகிறேன். வீட்டில் எனக்குக் கிறுக்கு என்கிறார்கள், மறுப்பதற்கில்லை.

ஏழாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் சலீம் முப்பத்தொன்று, சாமுவேல் ஆகிய நான் முப்பத்திரண்டு. எட்டாம் வகுப்பில் ஆசிரியர் "முப்பத்தொன்று" என்று கூப்பிட்டபோது நான் சலீம் உட்காரும் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "டேய், நீதாண்டா" என்றார்.