கோஸ் காவல்

ஒரு நாள் மதியம் ஜெராக்ஸ் கடைக்காரர் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறக்கிறார். கடை முழுக்க வெந்த முட்டைக்கோஸ் வாடை. நகல் எடுக்க வந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு நகர்கிறாள். "அந்த வாடையிலதாம்மா சத்தே இருக்கு" என்கிறார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

பக்கத்துக் கடையில் பேனா, நோட்டு விற்கும் எனக்கு அவர் அண்ணன்; தெருவுக்கே கோஸ்காரர். கோஸ் கிடைக்காத நாளில் காலிஃபிளவர், அதுவும் இல்லையென்றால் முள்ளங்கி. "எல்லாம் ஒரே குடும்பம் தம்பி. குடலைக் கூட்டிப் பெருக்கிடும். கேன்சர் கிட்ட வர யோசிக்கும்." அந்தக் குடும்பம் கிளப்பும் வாயுவைப் பற்றி நான் கிண்டலடித்தால் கோபிக்கமாட்டார்.

மனிதருக்கு உள்ளூர உதறல். கூடப்பிறந்தவர் குடலில் கட்டி வந்து செத்துப்போனதிலிருந்து இப்படித்தான். யாராவது ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டே மெஷின் கண்ணாடிமேல் கவிழ்ப்பார். நகல் கோணலாக விழும். திட்டு வாங்கிக்கொள்வாரே தவிர, தாளைப் பார்க்கமாட்டார்.

"நீங்களும் குழாய் விட்டுப் பாத்துக்கணும்" என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். இவர் டெஸ்ட்டுக்குப் போகாமல் காய்கறிக் கடைக்குப் போனார். போன வாரம் அண்ணி கடைக்கே வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கோஸ் நல்லதுதான், யாரு இல்லைன்னா? உள்ள என்ன இருக்குன்னு அது எட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுமா? நீங்க கிளம்பற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

போனார். ஆஸ்பத்திரியில் நாள் குறித்துக் கொடுத்தார்கள். குடல் சுத்தமாகத் தெரியவேண்டுமாம். சோதனை முடியும்வரை கோஸ், கீரை, நாருள்ள எதையும் தொடக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

குழாயைவிட இதுதான் அவரை ஆட்டிவைத்துவிட்டது. "இத்தனை வருஷமா விடாம காவல் போட்டு வச்சிருக்கேன் தம்பி. அசந்த நேரம் பாத்து உள்ள நுழைஞ்சிடுச்சுன்னா?" எனக்குக் கிண்டல் வரவில்லை. அவர் பயம் என்னையும் பிடித்துக்கொண்டது.

இன்று மதியம் அண்ணி கட்டிக்கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டு, சின்னக் கிண்ணம் ஒன்றோடு என் கடைக்குள் வந்தார். அவரே வேகவைத்த கோஸ்.

"உங்க அண்ணிக்குத் தெரியாது. எனக்குப் பதிலா நீங்க சாப்பிடுங்க தம்பி."

எனக்குக் கோஸ் ஆகவே ஆகாது. வாங்கிச் சாப்பிட்டேன். நான் ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, அவரும் கூடவே விழுங்கினார்.