அண்ணன் கையிலிருந்த கொக்கி

மாணவர் மாநாட்டுக்காக நாங்கள் அந்த ஊரில் போய் இறங்கியபோது, எங்கள் கல்லூரிப் பெயர் எழுதிய அட்டை ஒன்று கூட்டத்துக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்தது. அட்டை தெரிந்தது, ஆள் தெரியவில்லை. அவ்வளவு குட்டை. எங்களைப் போலவே கால்நடை மருத்துவம், மூன்றாம் ஆண்டு, அந்த ஊர்க் கல்லூரியில் படிக்கிறவள். கல்லூரியில் சுண்டெலி என்று பெயர். அதையும் அவளே சொல்லித்தான் அறிமுகம் செய்துகொண்டாள்.

"மாடு உதைச்சா தலைக்கு மேல போயிடும். அது ஒரு வசதி" என்றாள்.

காலையில் கட்டுரை வாசிப்பு, பிற்பகலில் ஊர் சுற்றல் என்று ஏற்பாடு. என்னையும் என் வகுப்புப் பையன் ஒருவனையும் அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். அவன் கழுத்தில் எப்போதும் கேமரா தொங்கும் என்பதால் வந்த அன்றே அவள் அவனைக் கேமராக்காரன் ஆக்கிவிட்டாள். நடந்துகொண்டே தன் வீட்டுக் கதையையும் சொன்னாள். அப்பா லாரி கவிழ்ந்து இறந்துபோனார். பள்ளிக்கூடத்தில் இருந்த அண்ணன் புத்தகப் பையைப் போட்டுவிட்டு மொத்தச் சந்தையில் மூட்டை இறக்கப் போனான். தங்கையின் படிப்பு அவன் முதுகில் ஏறித்தான் நடந்தது. அதை அவனும் மறக்கவில்லை, அவளையும் மறக்க விட்டதில்லை.

"வாய் பேசறதுக்கு முன்னாடி அவன் கை பேசிடும்" என்று சிரித்தாள். சோறு ஆறியிருந்தால் தட்டு சுவரில் போய் மோதுமாம். தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் பக்கத்து வீட்டுக்காரனின் முன்பல்லைக் கழற்றிவிட்டானாம். இவள் கன்னத்திலும் பலமுறை விழுந்திருக்கிறது. "உழைக்கிற உடம்பு, சூடு இருக்கத்தான் செய்யும்" என்பாளாம் அம்மா.

மணிக்கூண்டு, ஆற்றுப் பாலம், பழைய புத்தகக் கடைத் தெரு எல்லாம் பார்த்தாயிற்று. கேமராக்காரனுக்குத் திருப்தியில்லை.

"மணிக்கூண்டு எல்லா ஊர்லயும்தான் இருக்கு. இந்த ஊருக்குச் சாப்பாடு எங்கேருந்து வருது? அதக் காட்டு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். அண்ணனுக்குக் காலை வேலை, மதியமே வீட்டுக்குப் போயிருப்பான் என்று கணக்குப் போட்டுச் சரியென்றாள். சந்தையின் புதுக் குத்தகைக்காரர் மூட்டை தூக்க வெளியிலிருந்து வேறு ஆட்களை இறக்கியிருந்ததும், அதை எதிர்த்துப் பழைய ஆட்கள் அன்று முழுக்கச் சந்தையை விட்டு நகரவில்லை என்பதும் அவளுக்குத் தெரியாது.

சந்தைக்குள் வெங்காயச் சருகு கணுக்கால் வரை கிடந்தது. வழுக்காமல் நடப்பதே பெரும்பாடு. கடைசிச் சந்தில் ஒரு லாரி பின்பக்கமாக வந்து நின்றிருந்தது. அதன் இரு பக்கமும் ஆட்கள். ஒருவரும் பேசவில்லை. சந்தை என்றால் இரைச்சல் இருக்க வேண்டாமா? சுண்டெலி சட்டென்று என் முழங்கையைப் பிடித்தாள்.

"வாங்க, வேற வழியா போயிடலாம்."

நாங்கள் திரும்புவதற்குள் புது ஆட்களின் மேஸ்திரி லாரிமேல் ஏறி நின்று, "எறக்குங்கடா" என்று கத்தினான். அந்தச் சொல் முடியவில்லை. கீழிருந்து ஒருவன் அவன் காலைப் பிடித்து இழுத்தான். மேஸ்திரியின் தாடை லாரியின் விளிம்பில் மோதிய சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. விழுந்தவனின் தோளில், மூட்டையைக் குத்தி இழுக்கும் இரும்புக் கொக்கியை அவன் இறக்கினான். இறக்கி, மூட்டையை இழுப்பது போலவே இழுத்தான். சட்டையும் சதையும் சேர்ந்து கிழிந்தன. பிறகு இரு பக்கத்து ஆட்களும் பாய்ந்தார்கள். கட்டைகள், எடைக்கல், கையில் கிடைத்ததெல்லாம் பறந்தன. ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு என்னை இடித்துத் தள்ளியபடி ஓடினான். அவன் விரல்களுக்கிடையே ரத்தம் குமிழியிட்டது.

கேமராக்காரன் யோசித்துச் செய்தான் என்று நான் நினைக்கவில்லை. கை தானாகக் கேமராவைத் தூக்கியது.

"டேய், போட்டோ எடுக்கிறான்டா!"

கொக்கிக்காரன் திரும்பினான். நேராக வந்து கேமராவைப் பற்றினான். பைத்தியக்காரன் இவன், விடவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். கொக்கி ஒருமுறை சுழன்றது. கன்னத்தில் தொடங்கி இடது கண் வழியாகப் புருவம் வரை முகம் திறந்துகொண்டது.

"அண்ணா!" என்று அலறினாள் சுண்டெலி.

அவனுக்குக் காது கேட்கவில்லை. மறுபடி கை ஓங்கினான். அவள் நடுவே புகுந்தாள். அந்த அடி அவள் முன்கையில் விழுந்து முழங்கை வரை கிழித்தது. அப்போதுதான் அவன் அவளைப் பார்த்தான்.

"நீ இங்க என்னடி பண்ற?"

முதலில் அதைத்தான் கேட்டான். அவன் கீழே விழுந்த கேமராவைச் செருப்புக் காலால் மிதித்து நொறுக்கிவிட்டு ஓடினான்.

நான் சுவர் ஓரமாக வாந்தியெடுத்தேன். அவள் தன் துப்பட்டாவை மடித்துக் கேமராக்காரனின் முகத்தில் வைத்திருந்தாள். "கண்ணத் தொடாத. அழுத்தாத. என் குரல மட்டும் கேளு" என்று அவனிடமும், "போய் ஒரு ஆட்டோவ நிறுத்து!" என்று என்னிடமும் கத்தினாள். நான் சாலை நடுவே போய் நின்றேன். வந்த ஆட்டோ என் முழங்காலில் இடித்துத்தான் நின்றது. திரும்பிப் பார்த்தால், கையில் ரத்தம் ஒழுக ஒழுக அவள் அந்த மேஸ்திரியின் தோளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தவர்களை, "என்ன வேடிக்கை? தள்ளுவண்டிய எடுங்கய்யா!" என்று அதட்டினாள். எடுத்தார்கள்.

மேஸ்திரி பிழைத்தான், வலது கை விளங்காமல் போயிற்று. கேமராக்காரனுக்கு இடது கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரி நடைபாதையில் அவள் கைக்குத் தையல் போட்டு உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் சந்தையில் விசாரித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். அங்கே யாரும் எதையும் பார்க்கவில்லையாம். நான் அவள் காதருகே சொன்னேன்:

"நீ அண்ணான்னு கூப்பிட்டத நான் கேட்டேன். அறிமுகமில்லாத ஆளக்கூட நாம அண்ணான்னுதானே கூப்பிடுறோம்? நான் வாயத் திறக்க மாட்டேன். உன் இஷ்டம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமா நன்றியா, தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் கேட்டார். "வெட்டினவன் யாருன்னு தெரியுமாம்மா?"

"எங்க அண்ணன் சார். கூடப்பிறந்தவன்."

அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் சேதி போய்விட்டது. அம்மா விளக்குமாற்றோடு வாசலில் நின்றாள். தையல் போட்ட கை என்று பார்க்கவில்லை. கட்டு நனைந்து சிவக்கும் வரை அடித்தாள்.

"சோறு போட்டவனக் காட்டிக் குடுத்துட்டியேடி!"

"அந்தப் பையனுக்குக் கண்ணு போயிடுச்சும்மா."

"அவனுக்குக் கண்ணு போச்சு. எனக்கு வீடே போச்சு!"

அன்றிரவே அண்ணனின் கூட்டாளிகள் வந்து கல்லெறிந்தார்கள். ஜன்னல் கண்ணாடிச் சில்லு அம்மாவின் நெற்றியிலேயே தெறித்தது. சுண்டெலியின் பாடப் புத்தகங்களைச் சாக்கடையில் கொட்டிவிட்டுப் போனார்கள். அண்ணனைப் போலீஸார் ஒரு கிடங்கின் தகரக் கூரைமேல் பிடித்தார்கள். பிடிக்கப் போன காவலரின் மூக்கை உடைத்துவிட்டுத்தான் இறங்கினான்.

வழக்கில் சாட்சி சொல்ல நானும் கேமராக்காரனும் மறுபடி அந்த ஊருக்குப் போனோம். அவனுக்கு அப்போது கண்ணாடிக் கண். அவளை எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்:

"அண்ணன் சம்பாத்தியத்துல படிச்சவங்கதானே நீங்க?"

"ஆமா."

"அவர்மேல என்ன கோபம்?"

"நிறைய இருக்கு. அதுக்காக இங்க வரல. பார்த்தேன், சொல்றேன்."

கூண்டிலிருந்து அவன் பாய்ந்தான். இரண்டு காவலர்கள் சேர்ந்து பிடித்தும் கம்பியைத் தாண்டி அவன் கை நீண்டது. "வெளிய வந்தா மொத வெட்டு உனக்குத்தான்டி!" என்று நீதிபதியின் முன்னாலேயே கத்தினான். தண்டனை ஆனது. அம்மா வெளியே நீதிமன்றத் தாழ்வாரத்தின் மறுகோடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

சுண்டெலி விடுதிக்குப் போய்விட்டாள். மாலைகளில் நாய்க் காப்பகத்தில் வேலை செய்து மிச்சப் படிப்பை முடித்தாள். இப்போது அந்த ஊரிலேயே கால்நடை மருத்துவர். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தபோது இவள்தான் போய்த் தூக்கிவந்தாள். அம்மா வரமாட்டேன் என்று கத்திக்கொண்டேதான் வந்தாளாம்.

கேமராக்காரனும் இப்போது கால்நடை மருத்துவன்தான். "இடது பக்கமா வர்ற மாடு மட்டும் எனக்குத் தெரியாது. மத்தபடி ராஜா" என்பான். ஒரே ஒருமுறை அவளிடம், "நான் கேமராவ விட்டிருந்தா?" என்று கேட்டிருக்கிறான். "விட்டிருந்தாலும் அடிச்சிருப்பான்" என்றாளாம்.

போன வருடம் அண்ணன் வெளியே வந்தான். நேராக அவள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்றான். அவள் ஒரு கன்றுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா எங்க?"

"எங்கூடத்தான் இருக்கு."

"பார்க்கணும்."

"பாரு. கை ஓங்கினா அந்த நிமிஷமே போலீஸக் கூப்பிடுவேன்."

அவன் விரல்கள் மடங்குவதை அவள் பார்த்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. அவன் பக்கத்திலிருந்த வாளியை எட்டி உதைத்தான். தண்ணீர் முழுக்க அவள்மேல் கொட்டியது, கன்று மிரண்டு துள்ளியது. பிறகு தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வழி கேட்டான்.

வேறு ஊரில் ஏதோ கிடங்கில் காவலாக இருக்கிறானாம். எப்போதாவது வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான். அவன் இருக்கும் நேரமெல்லாம் சுண்டெலி தெருக்கதவை அகலத் திறந்து வைத்துவிடுகிறாள். காற்றுக்காக என்கிறாள்.