ரிஸ்தியின் வெள்ளிக்கிழமைத் தகடுகள்

அல்மாத்தி நகரத்து ஆய்வுக்கூடத்தில் ரிஸ்திக்கு வேலை, தங்கத் தகடு முக்குவது. நகத்தளவு தகடு. குடலைப் புரட்டும் கந்தக வாடைக் கரைசலில் ஒரு நாள் ஊறவிட்டால், மூலக்கூறுகள் வந்து தலையைத் தங்கத்தில் பதித்து, வாலைத் தூக்கிக்கொண்டு, தோளோடு தோள் இடித்து நிற்கும். ஒரே ஒரு அடுக்கு. யாரும் அடுக்குவதில்லை, அதுகளே நிற்கும். நம்பாவிட்டால் போங்கள், அது அப்படித்தான்.

அந்த அடுக்கில்தான் ஓட்டை. ஊசியால் தடவிப் படம் எடுக்கும் கருவியில், பூச்சி அரித்த கம்பளி மாதிரித் தெரிந்தது.

வியாழனன்று தலைவர் எர்கெபுலான் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் ஓட்டைன்னா, முக்குற ஆளை மாத்திடுவேன்."

புருஷன் செத்துப்போன பிறகு ரிஸ்திக்கு இருந்த ஒரே பிடி அந்த வேலை.

மறுநாள் காலை, பிசைந்த மாவோடு வந்தவள், சுவரில் ஒட்டியிருந்த படங்களின் தேதியைப் பார்த்தாள். ஓட்டை விழுந்ததெல்லாம் வெள்ளிக்கிழமை முக்கின தகடு. வெள்ளிக்கிழமைதான் அவள் புருஷனுக்காக ஆட்டுக்கொழுப்பில் ஏழு ரொட்டி சுடுவாள். அந்த வாசனை செத்தவர்களுக்குப் போய்ச் சேரவேண்டும். சுடுவது தேநீர் அறையில். தங்கம் இருப்பது அடுத்த அறையில். கொழுப்புப் புகை முன்னாலேயே போய்த் தங்கத்தில் உட்கார்ந்துகொண்டால் மூலக்கூறுகளுக்கு இடம் ஏது?

சொன்னால் வேலை போகும். சுடாவிட்டால் அந்த மனுஷன் பசியோடு கிடப்பான். ஆனாலும் போனாள்.

"ஆகாய், ஓட்டை என்னாலதான். ரொட்டி சுட்ட புகை." அந்த ஊரில் பெரியவர்களை 'ஆகாய்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

எர்கெபுலான் கண்ணாடியைக் கழற்றினார். "அட ஆண்டவனே! அதுல ரெண்டை வாராவாரம் நான்ல தின்னேன்!"

"மூணு, ஆகாய்."

அவர் சிரிக்கவில்லை. "முற்றத்துல போய்ச் சுடும்மா. வேலை இருக்கா இல்லையான்னு நாளைக்குத் தகடு சொல்லட்டும்."

ஆப்பிள் மரத்தடியில் சுட்டாள். காற்று திரும்பும்போதெல்லாம் ஜன்னலைப் பார்த்தாள். கையை மூன்று முறை கழுவி, உடுப்பு மாற்றி, தங்கத்தைச் சுடரில் காட்டி அழுக்கை எரித்து, முக்கினாள்.

சனிக்கிழமை திரையில் படம் கோடு கோடாக இறங்கியது. நெருக்கமான வரிசை. அப்புறம் ஒரு கறுப்புக் கீறல். இன்னொன்று. ரிஸ்தி மேசையைப் பிடித்துக்கொண்டாள். "போச்சு, ஆகாய்."

"எது போச்சு? தங்கத்தோட பரப்பே படிக்கட்டு மாதிரி இறங்கும், அது அந்தப் படியோட விளிம்பு. யார் முக்கினாலும் அங்க வரிசை முறியத்தான் செய்யும்." எர்கெபுலான் மறுபடி குனிந்து பார்த்தார். "உன் புகை போட்ட ஓட்டை ஒண்ணுகூட இல்ல. நேத்துச் சுட்டதுல மிச்சம் இருக்கா?"

இருந்தது. மூன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.