சட்டைப் பையில் இருக்க வேண்டிய கடிதம்

சும்மா இருந்து நிவாரணம் தின்றவர்கள் என்று எங்களைப் பற்றி யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சும்மா இருப்பது எவ்வளவு பெரிய பாடு என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சண்டைக்குப் பயந்து, வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலிருந்து தண்ணீரைக் கடந்து ஓடி வந்த நாங்கள், தேற்றாத்தீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தோம். ஒரு வகுப்பறையில் ஏழு குடும்பம். சேலையைக் கட்டித் தொங்கவிட்டால் அது சுவர். எங்கள் சேலைக்குள் நான், என் புருசன், ஆறு வயதிலும் இரண்டு வயதிலும் இரண்டு பெண் பிள்ளைகள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பான். அவன் கொண்டு வருவது அவனுடைய உழைப்பு மட்டும்தான். என் வீடு அக்கரையில் கூரை எரிந்து நின்றது. நாங்கள் குத்தகைக்கு விதைத்த வயல் வட்டையில் புல் வளர்ந்து கிடந்தது. வீடு போனதற்கு நான் நெஞ்சிலடித்து அழுதேன். அவர் அழவில்லை. ஆனால் வேலையில்லாமல் பாயில் குந்தியிருந்த அந்த மாதங்களில் அவர் என் முகத்தைப் பார்த்துக் கதைப்பதையே குறைத்துக்கொண்டார். வந்து இருக்க வீடும் இல்லை, கொடுக்க உழைப்பும் இல்லை என்றால் ஒரு ஆம்பிளை அங்கே என்னவென்று இருப்பது? அவர் அப்படித்தான் யோசித்திருப்பார். வாய் திறந்து சொல்லவில்லை.

நிவாரண அட்டைக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை சங்கக்கடையில் அரிசி, மா, பருப்பு, சீனி தந்தார்கள். அரிசியில் வண்டு ஓடும். புடைத்து எடுத்தால் தின்னலாம். அந்த வரிசையில் அவர் ஒருநாளும் நின்றதில்லை.

"எனக்கு அந்த லைனில நிக்கக் கூசுது புள்ள" என்பார்.

"தின்னக்குள்ள மட்டும் கூசல்லயா?" என்று கேட்பேன். என் வாய் அப்படி. கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்த வாயோடு காலம் தள்ளிய மனிதர் எழுந்து வாவிக்கரைப் பக்கம் போய்விடுவார்.

அப்படி இருக்கும்போதுதான் பட்டணம் போகிற வழியில் ஒரு நெல் மில்லில் அவருக்கு வேலை கிடைத்தது. நெல் அவிக்க வேண்டும், களத்தில் பரப்ப வேண்டும், வெயிலில் நின்று காலால் துழாவிக் காய வைக்க வேண்டும், பிறகு மூட்டை தூக்க வேண்டும். நாட்கூலிதான். அந்தக் கூலியில் நாலு வயிறு நிறையாது. மழை பெய்தால் நெல் காயாது. நெல் காயாவிட்டால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. எங்கள் பக்கத்து மாரி எப்படிக் கொட்டும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஆனாலும் முதல் நாள் ஒரு பையில் குறுணலோடு வந்தவர் கிணற்றடியில் பாட்டுப் படித்துக்கொண்டு குளித்தார். "மில் முதலாளி வந்திட்டார், பாய விரிங்கடி" என்று நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மில்லின் உண்மையான முதலாளி அவருக்கு ஒரு கடிதம் கொடுத்திருந்தார். அது இல்லாமல் வேலைக்குப் போய்வர முடியாது. அவருடைய அடையாள அட்டையில் படுவான்கரை விலாசம். அக்கரை, ஆமியோடு சண்டை பிடித்த இயக்கத்தின் கையில் இருந்த காலம் அது. அந்த விலாசத்தோடு இக்கரையில், எழுவான்கரை வீதியில், போகிற ஆம்பிளையைச் சென்றிக் காவலரணில் நிற்கும் ஆமி லேசில் விடாது. "இவர் எனது ஆலையில் வேலை செய்பவர், எனக்கு நன்கு தெரிந்தவர்" என்று தமிழிலும் கீழே சிங்களத்திலும் தட்டச்சடித்து முத்திரை குத்திய தாள் அது. அடையாள அட்டையோடு சேர்த்து ஒரு பொலித்தீன் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பார். கேட்டவருக்கும் காட்டுவார், கேட்காதவருக்கும் காட்டுவார். ஐந்தாம் வகுப்போடு நின்ற மனிதர். தன் பெயரைத் தட்டச்சில் அதற்கு முன் அவர் கண்டதில்லை.

பிறகு ஒரு கதை வந்தது. கிராமத்துக்குப் பொறுப்பான அரசாங்க அதிகாரி விதானையார் மறுநாள் வந்து நிவாரண அட்டைகளை மறுபடி பதியப் போகிறார், வேலையுள்ள குடும்பங்களை வெட்டப் போகிறார்கள் என்று. கூலி வேலை என்றால் பரவாயில்லையாம், அது இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. முதலாளியின் கடிதம் கையில் இருந்தால் அது உத்தியோகமாம். இன்னொரு முகாமில் ஒரு தச்சன் இப்படிக் கடிதத்தைக் காட்டப்போய், அந்த இடத்திலேயே அவனுடைய அட்டையை வெட்டிவிட்டார்களாம். அடுத்த சேலைக்குள் இருந்தவள்தான் இதைக் கொண்டு வந்தாள்.

"எங்கட மனிசன் சும்மா படுத்துத்தான் கிடக்காரு, எங்களுக்குப் பயமில்ல கா. உங்கட ஆள்தான் கடிதத்தக் கோயில் கொடி மாதிரித் தூக்கிக்கொண்டு திரியிறாரு."

அவள் சொன்னதில் பாதி எரிச்சல், பாதி அக்கறை. அன்று பின்னேரம் அவர் வேலையால் வந்ததும் நான் கதையைத் தொடங்கினேன்.

"இஞ்சருங்க, நாளைக்கு விதானையார் கேட்டாக் கூலியெண்டு மட்டும் சொல்லுங்க. கடிதத்தக் காட்டிராதீங்க."

"கேட்டா உள்ளதத்தானே சொல்லணும். வெட்டினா வெட்டட்டும். எனக்குக் கை கால் இரிக்கிதானே."

"மாரி மழைக்குள்ள உங்கட கையையும் காலையுமா அவிச்சித் தின்னுற?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எவ்வளவு காலத்துக்குப் புள்ள இந்தப் பிச்ச அரிசி? போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவர் சொன்னது பிழை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் முந்தின மாரியில் சின்னவள் வயிற்றோட்டத்தில் கிடந்து எலும்பும் தோலுமானதை மடியில் வைத்துப் பார்த்தவள் நான். மானம் பெரியதுதான், யார் இல்லையென்றது? கஞ்சிப் பானைக்குள் அதைப் போட முடியாதே. அட்டையும் வேண்டும், கூலியும் வேண்டும். இரண்டில் ஒன்று போனாலும் அந்த மாரிக்குள் ஒரு பிள்ளையை நான் புதைக்க வேண்டி வரும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மறுநாள் விடிகிற வெள்ளாப்பில் அவர் கிணற்றடிக்குப் போன நேரம், ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து உறையை எடுத்தேன். கடிதத்தை மட்டும் உருவி என் இடுப்பில் செருகினேன். அடையாள அட்டையை உறையோடு திரும்ப வைத்தேன். தொட்டுப் பார்த்தால் பை வெறுமையாக இருக்காது. பதிவு முடிந்ததும் அவர் வேலைக்குப் போகுமுன் கொடுத்துவிடலாம், ஏசினால் ஏசட்டும் என்று நினைத்தேன்.

விதானையார் வரப் பிந்திவிட்டது. முதலில் அவரோடு பதிவெழுத வந்த இலிகிதர் குடும்பம் குடும்பமாகத் தலைகளை எண்ணினார். எண்ணி முடிந்த ஆண்கள் போகலாம், அட்டையோடு பெண்கள் மட்டும் மேசைக்கு வந்தால் போதும் என்றார்கள். ஆண்களிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கடிதத்தை நான் எடுத்திருக்கவே தேவையில்லை. கடவுளே, இதை நினைத்தால் இப்போதும் சுவரில் தலையை மோதிக்கொள்ள வேண்டும் போல வரும்.

நான் மேசைக்கு முன்னால் நின்றபோது என் புருசன் சைக்கிளோடு வாசலில் நின்றார். "நேரம் போயிற்று, நான் போயிற்று வாறன் புள்ள!" என்று அங்கிருந்தே சத்தம் போட்டார். விதானையாரின் பேனை, படிவத்தில் தொழில் என்று போட்டிருந்த இடத்தில் நின்றது. கடிதத்தின் மடிப்பு என் இடுப்பில் குத்தியது. "கொஞ்சம் நில்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் விதானையார் நிமிர்ந்து பார்ப்பார். ஓடிப்போய்க் கொடுத்தால் என்ன தாள் அது என்று கேட்பார். ஒரு நாள்தானே, அடையாள அட்டை இருக்கிறதே, சென்றியில் நிற்பவர்களுக்குத் தினமும் பார்க்கிற முகம்தானே என்று எனக்கு நானே சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் ஏறி மிதித்துப் போய்விட்டார்.

"மனிசன் எங்க போறார்?" என்று விதானையார் கேட்டார்.

"கூலிக்கு ஐயா."

"முதலாளிட கடிதம் ஏதும் இரிக்கா?"

"இல்ல ஐயா."

நாலு பேர் என்று எழுதி அட்டையைத் திருப்பித் தந்தார். நான் வென்றுவிட்டேன் என்று அந்த நேரம் நினைத்தேன். அதை மறைத்து என்ன?

அன்றைக்கு வீதியில் வழக்கமான ஆமி இல்லை. புதிதாக வந்தவர்கள் சந்தியை மறித்து எல்லாரையும் இறக்கிச் சோதித்திருக்கிறார்கள். மத்தியானம் மில்லில் கூட வேலை செய்யும் ஒருவர் முகாமுக்கு ஓடி வந்தார்.

"அக்கா, அண்ணன ஏத்திற்றுப் போயிற்றானுகள். பொக்கற்றத் தடவித் தடவிப் பார்த்தாரு. உறைய உதறியும் பார்த்தாரு. கடிதத்தக் காணல்ல."

சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஆமிக் காம்ப் வாசலுக்கு ஓடினேன். தமிழ் தெரிந்த ஒருவன் அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தான். "இது அவன்ட பொக்கற்றில இருந்திருக்கணும். உன்ட கையில இருந்தா என்ன பிரயோசனம்?" என்று திருப்பித் தந்தான். பிறகு மில் முதலாளி வந்து சொல்லிப் பார்த்தார். கோயில் தலைவர் வந்தார், பாதிரியார் வந்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காம்புக்குப் போனால் மற்றக் காம்புக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள், அங்கே போனால் அப்படி ஒருவர் இல்லை என்றார்கள்.

கடிதம் எப்படி என் கையில் வந்தது என்று எல்லாரும் கேட்டார்கள். பாயில் கிடந்தது, எடுக்க மறந்து போயிருக்கிறார் என்றேன். நம்பினார்கள். ஐயோ பாவம், அவசரத்தில் மறந்திருப்பார் என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அவர் பிடிபட்டது விதானையாருக்கும் தெரியும். ஆனாலும் அட்டையில் நாலு என்பதை அவர் மூன்றாக்கவில்லை. இரக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த மாரி முழுவதும் என் புருசனுடைய பங்கு அரிசியையும் வாங்கி வந்து அவித்தேன். பிள்ளைகள் பட்டினி கிடக்கவில்லை. சங்கக்கடை வரிசையில் ஒருநாள் யாரோ ஒருத்தி, வேறு யாரையோ பற்றி, "அரசன நம்பிப் புருசனக் கைவிட்ட கதைதான்" என்று சொல்லிச் சிரித்தாள். என்னைச் சொல்லவில்லை என்று தெரிந்தும் சட்டென்று அவள் பக்கம் திரும்பினேன், பையில் வாங்கிய மா நிலத்தில் கொட்டுண்டது.

பதினொரு மாதத்துக்குப் பிறகு விட்டார்கள். வாசலில் வந்து நின்றவரைச் சின்னவளுக்கு அடையாளம் தெரியவில்லை. வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க அவரால் முடியவில்லை. என்ன செய்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மில்லில் வேறு ஆளைப் போட்டிருந்தார்கள். போடாவிட்டாலும் அந்தக் கையால் எந்த மூட்டையைத் தூக்குவது? அதற்குப் பிறகு எங்கள் அட்டையை வெட்ட ஒருவரும் வரவில்லை. கடிதத்துக்குப் பயப்படவும் தேவையிருக்கவில்லை.

வந்து பத்துப் பதினைந்து நாளிருக்கும். பிள்ளைகள் வெளியே விளையாடினார்கள். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"என்ட மறதியாலதான் எல்லாம். கடிதத்தப் பாயில போட்டுட்டுப் போயிற்றன். உன்னையும் புள்ளைகளையும் அலைய வெச்சிட்டன். மனசில வெச்சிக்கொள்ளாத புள்ள."

வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன். சொன்னால் அவர் மனம் உடைந்துவிடும் என்று பயந்தேன் என்றால் அது பொய். எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். என் வீட்டுக்கு வந்த மனிதர், அந்த வீடும் இல்லாத இடத்தில் அவரைப் பிடித்துவைக்க என்னிடம் என்ன இருந்தது?

"பறவாயில்ல" என்றேன். "மறதி எல்லாருக்கும் வாறதுதானே."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வீடு எரிந்தபோது அழாதவர், நான் மன்னித்துவிட்டேன் என்று அழுதார். அதற்குப் பிறகு பல வருசம் இருந்தார். சாகும் வரைக்கும் எல்லாரிடமும் இதைச் சொன்னார்: "என்ட மனிசிக்கு வாய் கூடத்தான். ஆனா அந்தக் கடிதத்த மறந்தத மட்டும் ஒரு நாளும் சொல்லிக் காட்டினதில்ல."