ஏரி வைக்கும் பெயர்

ஊத்தங்கரைக்கு அப்பால் ஓர் ஏரிக்கரையில் பஸ்ஸுக்கு டயர் மாற்றுகிறார்கள். "தண்ணிகிட்ட போவாத, கங்கம்மா" என்று ஓர் அம்மாள் குரல் கொடுக்கிறார். யாரோ ஒரு கிழவியை எதிர்பார்க்கிறேன். திரும்புவது அவருடைய நிறைமாத மகள். ஓசூர் கம்பெனியிலிருந்து பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்.

"இந்த வயசுல இந்தப் பேரா?" என்கிறேன்.

"இந்த ஏரி நெறயிற வருசம் பொறக்குற பொண்ணுங்களுக்கு எங்கூர்ல இதாங்க பேரு. எனக்கப்புறம் ஏரியும் நெறயல, பேரும் இல்ல."

சாம்பல் நிற நீர் அசையாமல் கிடக்கிறது. கரையோரக் கற்களைத் தாண்டி வழிய இன்னும் ஒரு சாண்தான்.

"வீட்டுக்காரரு புதுசா ஒரு பேரு பாத்து வெச்சிருக்காரு" என்று வயிற்றைத் தடவுகிறாள். "ஏரி நெறஞ்சிட்டா ஊரு விடாதுங்க."

தூறல் விழுகிறது. அம்மா குடையை நீட்டுகிறார்.

ஏரியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் சொல்கிறாள்: "பெய்யட்டும்மா."