மீராசாவின் வயலில் வளர்ந்த காடு

ஹிமாயாவுக்குப் பல்கலைக்கழகத்தில் வனவியல் கிடைத்தபோது, மருதமுனையில் இருந்த அவள் வீட்டாருக்கு அது என்ன படிப்பு என்றே விளங்கவில்லை. மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டவில்லை. இதுதான் வந்தது. உம்மா ஹாஜறா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வாப்பா மீராசா மட்டும் கடிதத்தை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"காட்டப் பத்திப் படிக்கிறதா மகள்?"

"ஓம் வாப்பா. மரம், மண், மிருகம் எல்லாம்."

"அப்ப நல்லம். நம்மட பூமிய மறிச்சு வெச்சிரிக்கிற ஆக்களோட அவங்கட பாஷையிலயே நீ கதைக்கலாம்."

அந்தப் பூமி மேற்கே உள்நாட்டில் இருந்தது. மீராசாவின் வாப்பா எழுபதுகளில் காடு வெட்டித் திருத்தி, அரசாங்க அனுமதிப் பத்திரமான பேர்மிட்டை எடுத்து, நெல் விதைத்த ஐந்து ஏக்கர். தொண்ணூறில் சண்டை வந்ததும் அந்த வயல் வட்டையில் இருந்த எல்லோரும் கடற்கரைப் பக்கம் ஓடிவந்தார்கள். இருபது வருடம் யாரும் அங்கே போகவில்லை. இடையில் சுனாமி வீட்டோடு பேர்மிட்டையும் கொண்டுபோனது. யுத்தம் முடிந்து போய்ப் பார்த்தால் வயலில் காடு நின்றது. காட்டின் ஓரத்தில் வனத் திணைக்களத்தார் எல்லைக்கல் நட்டிருந்தார்கள். அன்றிலிருந்து மீராசா மனு எழுதிக்கொண்டேயிருந்தார். மற்ற நாட்களில் மாவடிப்பள்ளியில் பிறத்தியாருடைய வயலில் கூலிக்கு நின்றார்.

ஹிமாயா விருப்பமில்லாமல்தான் போனாள். விரிவுரை ஆங்கிலத்தில், விடுதிப் பேச்சு சிங்களத்தில். முதல் வருடம் பாதி விளங்காமலே போயிற்று. இரண்டாம் வருடம் களப்பயணம் ஒன்றில், இலையைக் கசக்கி மணந்தே மரத்தின் பெயரைச் சொல்லப் பழகினாள். பாலை, வீரை, முதிரை, விண்ணாங்கு. அதன்பிறகு அந்தப் படிப்பு அவளைப் பிடித்துக்கொண்டது. விடுமுறைக்கு வந்தால் கல்முனை பஸ் நிலையத்து வாகை மரத்தைக்கூட அண்ணாந்து பார்த்தபடி நிற்பாள்.

இறுதி வருட ஆய்வுக்கு, கைவிடப்பட்ட வயல்களில் காடு எப்படித் திரும்பி வளர்கிறது என்ற தலைப்பை அவளே கேட்டு எடுத்தாள். இடம், வாப்பாவின் வட்டை. வரம்பு ஒன்றையாவது கண்டுபிடித்து எழுதினால் அங்கே வயல் இருந்ததற்கு அத்தாட்சி ஆகும் என்பது அவளுடைய எண்ணம். அனுமதிக் கடிதத்தில் உதவியாளர் என்று வாப்பாவின் பெயரைப் போட்டாள்.

பத்து வருடத்துக்கு மேலாக எல்லைக்கல்லுக்கு வெளியே நின்று பார்த்த மீராசா, மகளுடைய கடிதத்தின் தயவில் உள்ளே நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் குனிந்து சருகைத் தள்ளினார்.

"இஞ்ச பாரு மகள். இது நம்மட மேட்டு வரம்பு. அந்தா, தண்ணி பாய விட்ட வக்கடை."

நீளமான மண்மேடு சருகுக்கடியில் நேராக ஓடியது. அதன் நடுவில் ஒரு வீரை மரம் முளைத்து நின்றது. ஹிமாயா நாடாவை நீட்ட, மறுமுனையை அவர் பிடித்தார்.

"எத்தின வயசு இரிக்கும் இதுக்கு?"

"இருபத்தெட்டு, முப்பது."

"அப்ப எனக்குப் புறகு வந்ததுதானே. நான்தான் இஞ்ச மூப்பு."

அவர் சிரித்து அவள் வெகுநாளாகப் பார்த்ததில்லை. பன்னிரண்டு நாள் இருவரும் அளந்தார்கள். வரம்புகள், வக்கடைகள், காவலுக்குப் படுத்த வாடி இருந்த இடத்து ஓட்டுத் துண்டுகள் எல்லாம் மூன்றாம் அத்தியாயத்துக்குப் போயின. ஆனால் மரங்களும் இருந்தன. முப்பத்தொரு வகை மரம், கைவிட்ட வயல்களில் அவள் படித்தறிந்த எதையும்விட அதிகம். கோடையில் யானைகள் அந்த வழியாகத்தான் தண்ணீருக்குப் போயின.

"முடிவாக நீ என்ன பரிந்துரைக்கிறாய்?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். இரண்டு கிழமை அவளால் அந்தப் பக்கத்தை எழுத முடியவில்லை. கடைசியில் அளவுகள் சொன்னதையே எழுதினாள்: தானாக மீண்டு வந்த இந்தக் காட்டை மறுபடி வெட்டக்கூடாது, வெட்டினால் இன்னொரு தடவை இப்படி வளராது. யாருடைய பூமியைப் பற்றி எழுதுகிறாள் என்பது அவளுக்குத் தெரியும். அங்கே வயல் இருந்தது, அதுவும் உண்மை. இப்போது காடு நிற்கிறது, அதுவும் உண்மை. இரண்டும் ஒரே புத்தகத்தில் இருப்பதில் பொய் இல்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். வாப்பாவுக்கு மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் தமிழில் வாசித்துக் காட்டினாள்.

அவர் அந்தப் புத்தகத்தைப் பொலித்தீனில் சுற்றி எடுத்து, மனுமீது நடந்த காணி விசாரணைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனார். அதிகாரி அவளுடைய பல்கலைக்கழகத்திலேயே முன்னர் படித்தவர். மரியாதையாகக் கதிரை கொடுத்தார். அரைமணி நேரம் பக்கங்களைப் புரட்டி, இடையில் ஹிமாயாவைப் பார்த்து ஆங்கிலத்தில், "அருமையான வேலை" என்றார். பிறகு சிங்களத்தில் பேசினார். காரைதீவைச் சேர்ந்த எழுதுவினைஞர் சுஜித்தா அதை மீராசாவுக்குத் தமிழில் சொன்னார்.

"வயல் இருந்தது எண்டத ஐயா ஒத்துக்கொள்றார். ஆனா இப்ப அங்க இருக்கிறது நல்ல காடு. அத வெட்டக்கூடாது எண்டு கடைசிப் பக்கத்தில உங்கட மகளே எழுதியிருக்காவாம்."

மீராசா மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்பிடியா எழுதின நீ?"

"ஓம் வாப்பா."

"உண்மையா அது?"

"ஓம்."

"அப்ப செரி" என்று சொல்லி எழுந்தார். விசாரணை முடிவுத் தாளில் கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டார்.

பஸ்ஸில் ஏசுவார் என்று ஹிமாயா காத்திருந்தாள். அவர் ஏசவில்லை. பசிக்கிறதா என்று ஒரு தரம் கேட்டார், அவ்வளவுதான். அதற்குப்பிறகு அவர் மனு எழுதவில்லை. வீட்டில் யாராவது வயல் கதையை எடுத்தால் எழுந்து பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்.

ஹிமாயா இரண்டாம் வகுப்பில் உயர்நிலைச் சித்தி பெற்றாள். காடு சம்பந்தமான வேலை ஒன்றுக்குப் பரீட்சை எழுதித் தேறி, நேர்முகத்துக்கும் போனாள். வனக்காணி தொடர்பாகக் குடும்பத்துக்கு ஏதும் பிணக்கு உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றாள். நியமனக் கடிதம் வரவில்லை. இரண்டு வருடம் போயிற்று. இப்போது ஒரு ரியூசன் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறாள்.

போன மாசியில் அவளைப் பெண் பார்க்க வருவதாக ஒரு வீட்டார் ஆள் அனுப்பினார்கள். அவர்கள் வருமுன் ஹாஜறா மகளைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"என்ன படிச்ச எண்டு கேட்டா, சும்மா சயன்ஸ் எண்டு சொல்லு மகள். காடு எண்டு வாயால எடுக்காத. வாப்பாவும் முன்னுக்கு இரிப்பாரு."

"செரி உம்மா."

வந்தவர்கள் கேட்டார்கள். அவளும் சயன்ஸ் என்றாள். மீராசா தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு அவர்களிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. அவர்கள் வந்துபோன அன்று பின்னேரம் வகுப்பில், மரஞ்செடிகள் வெயிலில் உணவு செய்யும் ஒளித்தொகுப்புப் பாடம். நேரத்துக்குப் போய் நடத்திவிட்டு வந்தாள்.